ஆஹெனில் கட்டிய பரண்

வடபழனி பிரவுசிங் சென்டரில் நான் திறந்து பார்த்த மின்னஞ்சலில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. மூன்றாம் பகுதியின் நடுவில் வரும் மௌனம் எத்தனை விநாடி?

"யாராவது பதில் கூவும்வரை" என்று எழுதி அனுப்பினேன். அதன்பிறகு கொஞ்ச நாள் அந்தப் பக்கத்திலிருந்து மூச்சே இல்லை. பயந்து போய்விட்டார்கள் என்று நினைத்தேன். பிறகு இன்னொரு மின்னஞ்சல் வந்தது. ஆஹென் நகரத்து இசை விழாவுக்கு நேரில் வந்து இதை விளக்க முடியுமா, பயணச் செலவு எங்களுடையது என்று கேட்டிருந்தார்கள். பாட்டு எழுதியதற்காக என்னை யாரும் பாண்டிச்சேரிக்குக்கூடக் கூப்பிட்டதில்லை. பாட்டு இல்லாத இடத்தை விளக்க ஜெர்மனிக்குக் கூப்பிடுகிறார்கள். மறுக்க நான் என்ன பைத்தியமா?

நான் ஜவ்வாது மலையில் பிறந்தவள். அங்கே நாங்கள் மலையாளிகள், பழங்குடி. மலையாளி என்றதும் எல்லோரும் கேரளாவில் எந்த ஊர் என்று கேட்பார்கள். பாதி ஆயுள் அதற்குப் பதில் சொல்லியே போய்விட்டது. அடிவாரத்தில் கன்னியாஸ்திரிகளின் விடுதியில் தங்கிப் படித்தபோது மாதா கோயில் பாடகர் குழுவுக்காக வயலின் பிடிக்கக் கற்றேன். பிறகு சென்னையில் சினிமா ரெக்கார்டிங்குகளில் வயலின் கூட்டத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்து காலம் தள்ளினேன். கீபோர்டு வந்து எங்கள் வரிசையையே விழுங்கிய பிறகு, கை சும்மா இருக்கப் பொறுக்காமல் இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ வாசிக்கும் நால்வருக்காக ஓர் இசைக்கோவை எழுதினேன். 'காவல்' என்று பேர் வைத்து, இணையத்தில் அறிவிப்பைப் பார்த்து ஆஹென் விழாவுக்கு அனுப்பினேன். சாமைக் கொல்லையில் பன்றிக்குக் காவல் இருந்த என் சிறுவயதுதான் அதன் சங்கதி.

அந்தக் காவலில் அழகெல்லாம் ஒன்றும் கிடையாது. குளிர், கொசு, தூக்கம், பரணின் மூங்கில் குத்துகிற முதுகு, அவ்வளவுதான். ஆனால் ஒரு வழக்கம் உண்டு. ஒரு பரணில் இருப்பவர் இருட்டைப் பார்த்து ஓஓஓய் என்று கூவுவார். அடுத்த கொல்லைப் பரணில் இருப்பவர் பதில் கூவ வேண்டும். பிறகு அவர் அதற்கடுத்த பரணைப் பார்த்துக் கூவுவார். இப்படியே மலைச்சரிவு முழுக்கப் போகும். பதில் வராவிட்டால் அந்த ஆளுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று அர்த்தம். பாம்போ, கரடியோ, தவறி விழுந்தாரோ. அப்போது எல்லோரும் பன்றியை அதன் போக்கில் விட்டுவிட்டு, பந்தம் ஏந்தி அந்தப் பரணை நோக்கி ஓட வேண்டும். உங்கள் பரணிலேயே உங்களோடு இருப்பவர் பதில் சொன்னால் அது செல்லாது.

இதைத்தான் எழுதியிருந்தேன். முதல் வயலின் கூவும். பிறகு மௌனம். அவையிலிருந்து யாராவது குரல் கொடுத்தால் மேலே வாசிக்கலாம். கொடுக்காவிட்டால் நால்வரும் வாத்தியத்தைக் கீழே வைத்து, மேடையிலிருந்து இறங்கிப் போய், உட்கார்ந்திருப்பவர்களுக்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஸ்கோரில், அதாவது நோட்டுகள் எழுதிய தாளில், தெளிவாகக் குறிப்பிட்டிருந்தேன். வடபழனியில் உட்கார்ந்து எழுதும்போது அது மிக எளிதான காரியமாகத்தான் தெரிந்தது.

பிராங்பேர்ட் விமான நிலையத்தில் என் பெயரைத் தமிழில் எழுதிய அட்டையோடு ஒருவர் நின்றிருந்தார். அதைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது. விழாக்காரர்கள் எனக்காகப் பிடித்துக் கொடுத்த மொழிபெயர்ப்பாளர் அவர். பெயர் சூசை. மன்னார்க்காரர். சண்டைக் காலத்தில் அகதியாக வந்து, இப்போது ஆஹெனில் ஓர் ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை பார்க்கிறார். ஞாயிறன்று தேவாலயத்தில் தமிழ்ப் பூசையில் பாடுவாராம். என்னைப் பார்த்த மறுநிமிடமே தங்கச்சி என்று கூப்பிட ஆரம்பித்தார். எனக்கும் அண்ணன் என்றால் சௌகரியமாக இருந்தது.

ரயிலில் ஏறி உட்கார்ந்ததும் பையிலிருந்து ஒரு சாப்பாட்டு டப்பாவை எடுத்தார். அவர் மனைவி எனக்காகக் கொடுத்து அனுப்பிய இடியப்பம், தேங்காய்ச் சம்பல், மீன் குழம்பு. மூடியைத் திறந்ததும் ரயில்பெட்டி முழுக்க மன்னார்க் கடற்கரை வந்து நின்றது. எல்லாத் தலைகளும் திரும்பின, ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான் இதைப் பார்த்து லேசாகச் சிரித்தேன். உடனே எதிரே இருந்த அம்மாள் சுவரிலிருந்த ஒரு படத்தைச் சுட்டிக் காட்டினார். உதட்டின் மேல் விரல் வைத்த முகம்.

"தங்கச்சி, இது கதைக்கக் கூடாத பெட்டி" என்றார் சூசை அண்ணன், காதோடு. "நான் பாக்காமல் ஏறிப்போட்டன்."

சத்தம் போடாமல் இருப்பதற்கென்று தனிப் பெட்டி. எங்கள் ஊர் ரயிலில் பேசாமல் இருப்பவருக்கு உடம்புக்கு என்னவென்று நாலு பேர் கேட்பார்கள், ஐந்தாவது ஆள் தைலம் எடுத்து நீட்டுவார். இங்கே மீன் குழம்புக்குத் தடையில்லை, சிரிப்புக்குத்தான் தடை. அன்றைக்குத்தான் எனக்கு முதல்முறையாகச் சந்தேகம் வந்தது. இந்த ஜனங்கள் என் வயலினுக்குப் பதில் கூவப் போகிறார்களா?

கிசுகிசுப்பாக அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் ஓர் இடியப்பத்தை முழுசாகத் தின்று முடிக்கும்வரை யோசித்தார்.

"இவையள் வாய் திறக்க மாட்டினம், தங்கச்சி. என்ர மேல்மாடிக்காரருக்கு நான் குடிவந்த நாளில இருந்து காலமை வணக்கம் சொல்லிக்கொண்டு வாறன். மனுசன் தலையை மட்டும் ஆட்டும். நீங்கள் கவலைப்படாதேங்கோ, நான் கூவுறன். எனக்கு நல்ல தொண்டை."

செல்லாது என்றேன். இந்த ஊரில் என் வாயே அவர்தான். இரண்டு பேரும் ஒரே பரண். அதைக் கேட்டு அவருக்கு முகம் தொங்கிப் போய்விட்டது.

மறுநாள் ஒத்திகை. சூசை அண்ணன் ஆஸ்பத்திரியில் விடியற்காலை முறை முடித்துவிட்டு நேராக என்னைக் கூட்டிப்போக வந்தார். பஸ்ஸில் ஏறினோம். ஜன்னல் வழியே மாணவர்கள் சைக்கிளில் போவதைப் பார்த்துக்கொண்டே வந்தேன். நம் பிள்ளைகள் நிறையப் பேர். இஞ்சினியரிங் படிக்க வந்தவர்களாம். ஒருவன் குக்கரைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு போனான். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு வந்தார். வழி தெரிந்தவர், கண்ணை மூடினாலும் தெரியும் போலிருக்கிறது என்று நானும் பேசாமல் இருந்தேன். பஸ் நின்றது. எல்லோரும் இறங்கினார்கள். ஓட்டுநரும் இறங்கினார். அண்ணன் கண்ணைத் திறந்து வெளியே பார்த்தார், மறுபடி ஒருமுறை பார்த்தார்.

"தங்கச்சி, இது ஒல்லாந்து."

நான் நம்பவில்லை. ஆனால் கடைப் பலகைகளில் எழுத்து மாறியிருந்தது. நெதர்லாந்துதான். டவுன் பஸ்ஸில் தூங்கினால் வேறு நாடு வந்துவிடுகிற ஊரை நான் கேள்விப்பட்டதே இல்லை. எங்கள் ஜமுனாமரத்தூர் பஸ்ஸில் தூங்கினால் போளூர் வரும், ரொம்பக் கெட்ட நேரமாக இருந்தால் திருவண்ணாமலை. என் பாஸ்போர்ட் அறையில் கிடந்தது. யாராவது பிடித்துக் கேட்பார்கள் என்று முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு குற்றவாளி மாதிரி நின்றேன். ஒரு நாய்கூட எங்களைக் கேட்கவில்லை. திரும்பும் பஸ் வரும்வரை உருளைக்கிழங்கு வறுவல் வாங்கித் தின்றோம். அதன் தலையில் வெள்ளையாக ஒரு கூழைக் கொட்டிக் கொடுத்தார்கள். பசிக்கு அதுவும் இறங்கியது.

ஒத்திகைக் கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது நால்வரும் வாத்தியத்தை மடியில் வைத்துக் காத்திருந்தார்கள். முதல் வயலின்காரர் உர்சுலா. குழுவின் தலைவி, எனக்கு மின்னஞ்சல் எழுதியவரும் அவர்தான். நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருந்தார். சுவர்க் கடிகாரத்தை மட்டும் ஒருதரம் பார்த்தார். அந்தப் பார்வைக்கு நாலு அறை வாங்கியிருக்கலாம். வெளிநாடு போய்விட்டதால் தாமதம் என்று சூசை அண்ணன் விளக்கியதும் செல்லோக்காரர் மட்டும் சிரித்தார்.

வாசித்தார்கள். என்னத்தைச் சொல்ல? கடைசி வரிசையில் உட்கார்ந்து வெறும் பின்னணி இழுத்துக்கொண்டிருந்தவளின் நோட்டுகளை நான்கு பெரிய வித்வான்கள் தேர் இழுப்பது போல அவ்வளவு பொறுப்பாக வாசித்தால் எப்படி இருக்கும்? குறிப்பாக அந்தச் செல்லோ. பன்றி வருகிற இடத்தில் தந்தியைத் தாங்குகிற கட்டையோரம் வில்லை அழுத்தி ஓர் உறுமல் உறுமினார், எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. எங்கே கற்றீர்கள் என்று கேட்டேன். காட்டோரத்தில் வீடாம். பன்றிகள் வந்து அவர் தோட்டத்தை உழுதுவிட்டுப் போகின்றனவாம். ஜன்னலோரம் உட்கார்ந்து அவற்றைத் திட்டித் திட்டிப் பழகியதாகச் சொன்னார். மலை எங்கே, ஜெர்மனி எங்கே? பன்றி இரண்டு பேரையும் சொந்தக்காரர்களாக்கிவிட்டது.

பிறகு அந்த மௌனம் வந்தது. உர்சுலா கூவலை வாசித்து வில்லை உயர்த்தி அப்படியே நிறுத்தினார். நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்: சராசரியாக எவ்வளவு நேரம்?

சராசரியா? எங்கள் மலையில் யாரும் கணக்குப் போட்டதில்லை என்றேன். அங்கே தொடங்கிய வாக்குவாதம் காப்பி இடைவேளை வரை போனது. கச்சேரி அழைப்பிதழில் "இங்கே தயவுசெய்து குரல் கொடுக்கவும்" என்று அச்சிடலாம் என்றார் உர்சுலா. அச்சிட்டால் பள்ளிக்கூடத்தில் ஆஜர் சொல்வது போல எல்லோரும் ஒரே நேரத்தில் சொல்வார்கள், அது பதில் இல்லை என்றேன் நான். ஒரு மாணவனை ரகசியமாக உட்கார வைக்கலாம் என்றார். ஏற்பாடு செய்த பதிலும் பதில் இல்லை என்றேன். அப்படியானால் ஒருவரும் குரல் கொடுக்கப் போவதில்லை, இந்த ஊரில் இசை நடக்கும்போது ஜனங்கள் மூச்சையே எண்ணித்தான் விடுவார்கள் என்றார். சரி, ஸ்கோரில் எழுதியிருக்கிறபடி இறங்கிப் போய்ப் பாருங்கள் என்றேன்.

அவர் வில்லைக் கீழே வைத்தார். சூசை அண்ணன் தயங்கித் தயங்கி மொழிபெயர்த்தார்.

"சொல்லுறா, தாங்கள் வாசிக்கிற ஆக்களாம், தேடுற ஆக்கள் இல்லையாம். கீழ இறங்கினால் சனம் நாடகமெண்டு நினைச்சுச் சிரிக்குமாம். பிறகு மிச்ச இசையை ஒருத்தரும் கேளாயினமாம். ஏலுமட்டும் காத்திருப்பாவாம். பதில் வராட்டில் பேசாமல் மேல வாசிச்சுக்கொண்டு போவாவாம்."

எனக்குச் சுருக்கென்றது. பதில் வராமலே மேலே போவதா? பதில் வராத பரணை விட்டுவிட்டு அவரவர் கொல்லையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள் என்று எங்கள் மலையில் ஒரு கதைகூடக் கிடையாது. அப்படி வாசித்தால் அது என் ஊரில்லை, வேறு ஏதோ பொல்லாத ஊர். பொய்யை வாசிப்பதைவிட அந்தப் பகுதியையே நீக்கிவிடலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் நீக்கினால் 'காவல்' என்று பேர் வைக்க அதில் என்ன மிச்சம்? பன்றி மட்டும்தான்.

காப்பிக் கோப்பையை வைத்துக்கொண்டு உர்சுலாவுக்குப் பொன்னுசாமியின் கதையைச் சொன்னேன். எங்கள் பக்கத்துக் கொல்லைக்காரர். வரப்புத் தகராறில் அப்பாவோடு பேச்சு நின்றுபோனது. அன்று இரவு அப்பா கூவினார், அவர் பதில் கொடுக்கவில்லை. இன்னொருமுறை கூவிப் பார்த்துவிட்டு அப்பா பந்தத்தோடு ஓடினார், பின்னாலேயே மலைச்சரிவே ஓடியது. போய்ப் பார்த்தால் மனுஷன் பரணில் சம்மணம் போட்டு பீடி குடித்துக்கொண்டிருக்கிறார். ஊர்ப் பெரியவர்கள் வைத்த வசவு இருக்கிறதே, அது என் காதில் இன்னும் இருக்கிறது. சண்டையைப் பகலில் போடு, ராத்திரி பதில் கொடு என்றார்கள். அவருக்கோ அப்பாவோடு பேசவும் மனசில்லை, பந்தங்கள் திரும்ப வருவதும் பிடிக்கவில்லை. அடுத்த இரவிலிருந்து அப்பா கூவினால் அவர் பக்கத்திலிருந்து ஓர் இருமல் வரும். உயிரோடு இருக்கிறேன், ஆனால் உன்னோடு பேச மாட்டேன் என்று அதற்கு அர்த்தம்.

நான் சொன்னதைப்போல மூன்று மடங்கு நேரம் எடுத்துக்கொண்டு சூசை அண்ணன் அதை ஜெர்மனில் சொன்னார். பந்தம் ஏந்தி ஓடியும் காட்டினார். உர்சுலா ஒன்றே ஒன்று கேட்டார். இருமலை ஊரார் ஏற்றுக்கொண்டார்களா? ஏற்றுக்கொண்டார்கள், ஆள் இருக்கிறார் என்று தெரிந்தால் போதாதா என்றேன். அவர் தலையாட்டிவிட்டு வயலினை எடுத்துக்கொண்டார். முடிவில் மாற்றம் ஏதுமில்லை. காத்திருப்பார், பிறகு மேலே போவார்.

அதற்கு அடுத்த நாள் 'பழங்குடி இசையமைப்பாளர்களுடன் ஒரு சந்திப்பு' என்று போட்டு என்னையும் ஐலுவையும் மேடையில் உட்கார வைத்தார்கள். ஐலு நார்வேயின் வடகோடியிலிருந்து வந்த சாமி என்கிற பழங்குடி இனத்துக்காரர். கலைமான் மேய்க்கிற குடும்பம். விழாக்காரர்கள் அச்சடித்த சிறு புத்தகத்தில் எங்கள் இரண்டு பேரையும் பற்றி ஒரே வரியைப் போட்டிருந்தார்கள். ஆதி காட்டின் மூச்சு எங்கள் இசையில் கேட்கிறதாம். ஐலு அதை என்னிடம் காட்டி, தன் ஊரில் தேடினாலும் ஒரு மரம் கிடைக்காது என்றார். அவர் எழுதிய இசை, அவருடைய அப்பாவின் பனிஸ்கூட்டர் நடுப்பனியில் கிளம்பாமல் அடம் பிடித்த நாளைப் பற்றியது.

அவையிலிருந்து ஓர் அம்மையார் எழுந்து, உங்கள் இசைக்குள் இருக்கும் ஆவிகளைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்டார். ஐலு பனிஸ்கூட்டரின் பிளக்கைப் பற்றி விளக்கினார். எண்ணெய் படிந்திருந்ததாம். கேட்டவர் கண்ணை மூடிக்கொண்டு மெய்மறந்து தலையாட்டினார். என்னிடமும் கேட்டார். பன்றி சாமைக் கதிரைத் தின்னும்போது வருகிற நறநற சத்தத்தை நான் வியோலாவுக்கு எழுதிய விதத்தைச் சொன்னேன். அதற்கும் கண்ணை மூடிக்கொண்டார். நான் என்ன சொல்லியிருந்தாலும் மூடியிருப்பார்.

மதியம் எங்களுக்கு அஸ்பாரகஸ் என்கிற வெள்ளைத் தண்டுகளை வேகவைத்துக் கொடுத்தார்கள். சாப்பாட்டு மேசையே பரவசத்தில் இருந்தது. இது வருஷத்தில் கொஞ்ச நாள் மட்டுமே கிடைக்கிறதாம், அதுவும் மண்ணுக்குள்ளேயே வைத்து வெயில் படாமல் வளர்க்கிறார்களாம். முருங்கைக்காயிலிருந்து முருங்கையை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சுமோ அதுதான் அதன் ருசி. மேலே ஊற்றிய வெண்ணெய் மட்டும் நன்றாக இருந்தது. ஐலு தன் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து, மேசைக்கடியில் எனக்கு ஒரு துண்டு உலர்ந்த கலைமான் இறைச்சி தந்தார். உப்புக்கண்டமேதான். இரண்டு பழங்குடிகள் மேசைக்கடியில் கைமாற்றிக்கொண்டிருந்ததை அந்த ஆவி அம்மையார் பார்த்திருந்தால் அன்றைக்கே மோட்சம் போயிருப்பார்.

என் மௌனத்தின் கதையை ஐலுவிடமும் சொன்னேன். தான் வேறு பரண்தானே, தான் பதில் கொடுக்கலாமே என்று கேட்டார். விஷயம் தெரிந்தவர் கொடுத்தால் அதுவும் ஏற்பாடுதான் என்றேன். அவர், உனக்குக் கலைமான் மேய்க்கிற பிடிவாதம் இருக்கிறது என்றார். எங்கள் மலையில் இதைவிட மோசமாகவும் சொல்லுவார்கள்.

கச்சேரி நாள் வந்தது. சூசை அண்ணன் கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். பொத்தான் போட வரவில்லை. மழைக்கோட்டுகளைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஜனங்கள் பூனை மாதிரி வந்து உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் வயதானவர்கள். செருப்புச் சத்தம்கூட இல்லை. முன்வரிசைப் பக்கம் எங்களுக்கு இடம்.

முதலில் ஐலுவின் பனிஸ்கூட்டர். அதைக் கேட்கும்போது ஒரு வேடிக்கையைக் கவனித்தேன். ஒரு பகுதி முடிந்து அடுத்தது தொடங்குவதற்கு முன்னால் நால்வரும் வில்லைத் தாழ்த்துவார்கள். அப்போது அவை முழுக்க இருமும். இசை நடக்கும்போது அடக்கி வைத்திருந்ததையெல்லாம் சேர்த்து ஒன்றாக இருமித் தீர்ப்பார்கள். வில் மேலே போனதும் கப்சிப். இருமலுக்குக்கூட நேரம் ஒதுக்கி வைத்திருக்கிற ஜனங்களிடம் நான் கூவச் சொல்கிறேனே என்று என்மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

பிறகு 'காவல்'. முதல் பகுதி, இரண்டாம் பகுதி நன்றாகப் போனது. செல்லோக்காரரின் பன்றிக்கு ஒரு கிழவி தன் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். மூன்றாம் பகுதியின் நடுவில் உர்சுலா கூவினார். ஓஓஓய். வயலினில் அது அவ்வளவு தனிமையாக இருக்கும் என்று எழுதியபோது எனக்குத் தெரியாது. கூவிவிட்டு வில்லை உயர்த்தி நிறுத்தினார். மற்ற மூவரும் அப்படியே.

மௌனம்.

ஒருவரும் அசையவில்லை. இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம். சூசை அண்ணன் தன் வாயைத் தானே கையால் பொத்திக்கொண்டார். அவர் தொண்டை ஏறி இறங்குவது எனக்குத் தெரிந்தது. உர்சுலா அவையைப் பார்த்தபடி நின்றார். சொன்ன வாக்குப்படி காத்திருந்தார், அதற்கு மேலும் காத்திருந்தார். அந்த நேரத்தில் எனக்கு இசையெல்லாம் மறந்துபோனது. அத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள், ஒருத்தருக்குமா குரல் இல்லை என்று எழுந்து கேட்க வேண்டும் போல இருந்தது. உர்சுலாவின் தோள் மெல்ல அசைந்தது. மேலே வாசிக்கப் போகிறார், என் ஊர் செத்துவிடப் போகிறது என்று நினைத்தேன்.

அப்போது இரண்டாம் வயலின்காரருக்குக் கை கடுத்துவிட்டது போலிருக்கிறது. அவர் வில் கீழே தாழ்ந்தது.

எங்களுக்குப் பின்னாலிருந்து யாரோ ஒரு பெரியவர் இருமினார். கனமான, நெடுநேரம் அடக்கி வைத்திருந்த இருமல். பகுதி முடிந்துவிட்டதாக அவர் நினைத்துவிட்டார். அதைக் கேட்டு இன்னொருவர் இருமினார். பிறகு வலது பக்கம், இடது பக்கம், மாடம், கடைசி வரிசை. மலைச்சரிவில் ஒன்றிலிருந்து ஒன்றாகப் போவதைப்போல அது அவை முழுக்கப் போனது.

சூசை அண்ணன் என் முழங்கையைப் பிடித்து இழுத்தார். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

"தங்கச்சி" என்றார், "இஞ்ச எல்லாரும் பொன்னுசாமி."

உர்சுலா இருமல் ஓயும்வரை நின்றார். அவருக்கும் புரிந்துவிட்டது. முகத்தில் ஒன்றும் காட்டவில்லை, ஆனால் என் இடத்தைப் பார்த்து ஒருமுறை தலையைத் தாழ்த்தினார். பிறகு பதில் கிடைத்தால் வாசிக்க வேண்டிய வரியை வாசித்தார். அடுத்த பரணைக் கூப்பிடுகிற வரி. அவை திடுக்கிட்டு நிமிர்ந்தது. நான் சிரிப்பும் அழுகையுமாகச் சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டேன். பிறகு கடைசிவரை அவர்கள் என்ன வாசித்தார்கள் என்று சத்தியமாக எனக்கு ஞாபகம் இல்லை.

கச்சேரி முடிந்து வெளிக்கூடத்தில் எல்லோரும் ஒயின் கோப்பையோடு தணிந்த குரலில் பேசிக்கொண்டு நின்றார்கள். எனக்கும் அண்ணனுக்கும் ஆரஞ்சுச் சாறு. அப்போது கைத்தடி ஊன்றிய ஒரு பெரியவர் நேராக எங்களிடம் வந்து விறைப்பாக நின்றார். காது மடல் சிவந்திருந்தது. கோர்ட்டில் வாக்குமூலம் கொடுப்பதைப்போலப் பேசினார்.

"முதலில இருமினது தானாம்" என்றார் சூசை அண்ணன். "இசை நடக்கேக்க தான் ஒருநாளும் இருமினதில்லையாம். முடிஞ்சுதெண்டு நினைச்சுப்போட்டாராம். உங்கட இசையைக் கெடுத்துப்போட்டனெண்டு சரியா மனவருத்தப்படுறார்."

"அண்ணே, அவர் இருமலேன்னா என் பாட்டு அங்கேயே செத்திருக்கும். அதைச் சொல்லுங்க" என்றேன்.

அதை மட்டும் சொல்லி விடுகிற ஆளா அவர்? பரண், கரடி, வரப்புத் தகராறு, பீடி, பந்தம் எல்லாவற்றையும் சொன்னார். இந்தமுறை வெளிக்கூடத்தில் இடம் நிறைய இருந்ததால் நன்றாகவே ஓடிக் காட்டினார். பெரியவர் ஒரு சிரிப்புக்கூட இல்லாமல் முழுதும் கேட்டார். கேட்டுவிட்டு, அந்த இரண்டு பேரும் பிறகு சமாதானம் ஆனார்களா என்று விசாரித்தார். இல்லை, கடைசிவரை பேசவே இல்லை, ஆனால் அறுப்பு முடியும்வரை ஒரு ராத்திரிகூட இருமல் தவறியதில்லை என்று சொல்லச் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, மழைக்கோட்டை வாங்கி மாட்டிக்கொண்டு, தடியை ஊன்றி வாசலை நோக்கி நடந்தார்.

வாசல் கதவைத் திறந்தவர் நின்றார். திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு ஒருமுறை, தெளிவாக, வேண்டுமென்றே இருமினார்.

கூடத்தில் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. கிழவருக்குச் சளி என்று நினைத்திருப்பார்கள். சூசை அண்ணன் மட்டும் என்னைப் பார்த்தார்.

"பதில் சொல்லோணும் எல்லோ, தங்கச்சி."

சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் இருமல் என்பது பகை உள்ளவர்களுக்கு. எனக்கு அவரோடு என்ன பகை? ஆரஞ்சுச் சாற்றை அண்ணன் கையில் கொடுத்தேன். வயிற்றிலிருந்து மூச்சை இழுத்து, அந்தக் கண்ணாடிக் கூடத்தில், சாமைக் கொல்லையில் கூவுகிற அதே குரலில் ஓஓஓய் என்று கூவினேன்.

அத்தனை பேச்சும் நின்றது. எல்லா முகங்களும் என் பக்கம் திரும்பின. ஆவி அம்மையார்கூடக் கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தார். வாசலில் பெரியவர் தடியை உயர்த்தி ஆட்டிவிட்டு மழைக்குள் இறங்கிப் போனார். இத்தனை பேர் நடுவில் இப்படிச் செய்துவிட்டோமே, இனி எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தரையைப் பார்த்தேன்.

அப்போது உள்ளே, மேடைக்குப் பின்னாலிருந்த அறையிலிருந்து ஒரு குரல் வந்தது. மெலிதாக ஆரம்பித்து, நடுவில் உடைந்து, பிறகு எழும்பியது. வயலினில் இல்லை, வாயால். உர்சுலா.

சுருதி கொஞ்சம் இறங்கித்தான் இருந்தது. அதைப் பற்றி நான் அவரிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.